சான்றில் அண்ணன், கரையில் தம்பி: தங்கச்சிமடத்து விசைப்படகு ஒன்றின் வழக்கு

2023ஆம் ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன ராமேஸ்வரம் தீவு விசைப்படகுகளில் ஒன்று, ஆடி மாதத்து இரவொன்றில் நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. படகில் ஏழு பேர். படகை இழுத்துக்கொண்டுபோய் மயிலிட்டித் துறையில் கட்டினார்கள். ஆட்களை ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தி யாழ்ப்பாணச் சிறையில் வைத்தார்கள். சில வாரங்களில் ஏழு பேரும் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். படகு மட்டும் வரவில்லை. அதன் வழக்கைத் தனியாக ஒத்திவைத்த நீதிமன்றம், உரிமையாளர் அடுத்த தவணைக்கு ஆவணங்களுடன் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

உரிமையாளர் யார் என்று தங்கச்சிமடத்தில் எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் தம்பியைத்தான் காட்டுவான். ஆள் பிடிப்பது, முன்பணம் கொடுப்பது, ஐஸ் ஏற்றுவது, மீனை விலை பேசுவது, பங்கு பிரிப்பது எல்லாம் அவர்தான். ஊர் வழக்கில் அவர்தான் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி. ஆனால் பதிவுச் சான்றில் இருந்தது அண்ணனின் பெயர். அண்ணன் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர்.

இந்த வழக்குக்கான தாள்களைத் தேடி எடுத்து ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. குடும்பத்தாரின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். தொண்டி முதல் சாயல்குடி வரை இதே நிலையில் நிறையப் படகுகள் இருக்கின்றன. பிடிபடாத வரை யாருக்கும் இது ஒரு விஷயமாகவே தெரிவதில்லை. அதனால்தான் முழுதாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

படகு வந்த விதத்தைப் பார்ப்போம். அண்ணனும் ஒருகாலத்தில் கடலுக்குப் போனவர்தான். திருமணமாகி இரண்டு வருடத்தில் குவைத்துக்குப் போய்விட்டார். அங்கே சேர்த்த பணத்தோடு மனைவியின் நகையையும் அடகு வைத்து, விடுமுறையில் வந்தபோது பழைய விசைப்படகு ஒன்றை 22 லட்சத்துக்கு முடித்தார். பெயர் மாற்றத்துக்கான தாள்களில் அவரே கையெழுத்துப் போட்டார், சான்றும் அவர் பெயருக்கே வந்தது. பணம் அவருடையது, அடகில் இருந்தது அவர் மனைவியின் நகை என்பதால் இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. முகவரிக்கு அம்மா இருக்கும் பூர்வீக வீட்டைக் கொடுத்தார். விடுமுறை முடிந்து கிளம்பும்போது பதிவுச் சான்றான ஆர்.சி., மீன்பிடி உரிமம், டீசல் புத்தகம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்வது ஒருவரையொருவர் நம்பாததுபோல் ஆகிவிடும் என்று அப்போது இருவரும் நினைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் வந்த வருடங்களில் ஏதாவது ஓர் இடத்தில் இது இடித்திருக்க வேண்டும். ஏன் இடிக்கவில்லை என்பதுதான் இந்த வழக்கில் நான் அதிகம் யோசித்த இடம்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு நினைத்த நாளில் போக முடியாது. நாட்டுப்படகுக்காரர்களோடு பல வருடங்களுக்கு முன் செய்த ஏற்பாட்டின்படி திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான். போகும் நாளில் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்தத் தடைக்காலத்தில் ஒரு நாள் குறித்து, மாவட்டத்தில் உள்ள விசைப்படகுகளை எல்லாம் அதிகாரிகள் வந்து ஆய்வு செய்வார்கள். படகு ஜெட்டியிலோ கரையிலோ நிற்க வேண்டும். ஆய்வாளர் முகப்பில் எழுதிய எண்ணைப் படிப்பார். ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும் எண் அது. 10 ராமநாதபுரம் மாவட்டத்துக்கு, எம்எம் விசைப்படகுக்கு. நீளத்தைப் பார்ப்பார், இன்ஜின் எண்ணைச் சான்றோடு ஒத்துப் பார்ப்பார், உரிமத்தையும் டீசல் புத்தகத்தையும் கேட்பார். காட்டாத படகுக்கு மானிய டீசல் நின்றுவிடும். விற்பனை வரி விலக்குடன் வருடத்துக்கு 18,000 லிட்டர், 2023 அறிவிப்புக்குப் பின் 19,000 லிட்டர் என்பது ஒரு விசைப்படகின் உயிர்நாடி. அதனால் ஆய்வு நாளில் யாரும் ஊரை விட்டு நகர மாட்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்த ஆய்வில் தம்பிதான் நின்றார். அங்கே பார்ப்பது படகைத்தான். எண்ணும் இன்ஜினும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. எதிரில் நிற்பவர் சான்றில் இருப்பவரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் “அண்ணே வெளிநாட்டுல இருக்காங்க சார், நான் தம்பி” என்று சொன்னால் போதும், ஊரே சாட்சி. டீசல் புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அண்ணன் பெயரில் ஒரு கையெழுத்து. முதல் பக்கத்தில் இருப்பது அண்ணன் போட்டது, தலைப்பெழுத்தும் பெயரும் தனித்தனியாக நிற்கின்றன. இரண்டாம் பக்கத்திலிருந்து எழுத்து சாய்ந்து, பெயரின் கடைசி எழுத்து ஒரு நீண்ட கோடாக இழுபடுகிறது. அது தம்பியின் கை. அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக வேண்டாம் என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் இங்கே மீன்பிடிப் படகு வைத்துக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம். 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் மீன்பிடிப் படகுகளுக்கென்று 15-அ பகுதி சேர்க்கப்பட்டது. இந்த வழக்கில் வரும் படகு அதன் கீழ்தான் பதிவானது. படகின் சொந்தக்காரர் இந்தியக் குடிமகனா என்றுதான் அது பார்க்கிறது. எந்த ஊரில் குடியிருக்கிறார், வருடத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்று பார்ப்பதில்லை. வளைகுடாவில் முப்பது வருடம் இருந்தாலும் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கப்போவதில்லை. கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆக அண்ணன் பெயரில் படகு இருந்ததில் சட்டக் குற்றம் எதுவும் இல்லை.

குடியிருப்பு வேறு இடங்களில் குறுக்கே வரும். வருமான வரிக்கு 182 நாள் கணக்கு உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு வேலைக்காக நாட்டை விட்டுப் போனாலே போதும், அவர் வெளிநாடுவாழ் இந்தியர். அப்படிப் போனவர் ஊரில் வைத்திருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். படகில் வரும் லாபம் இந்தியாவில் பிறக்கும் வருமானம், எனவே குவைத்தில் வரி இல்லை என்பது இதற்குப் பொருந்தாது. மீன்பிடி வருமானம் விவசாய வருமானமும் ஆகாது. மீனவர் சேமிப்பு நிவாரணம் மாதிரியான திட்டங்களுக்கு முழுநேர மீன்பிடித் தொழிலில் இருப்பவராக இருக்க வேண்டும். குவைத்தில் கார் ஓட்டுபவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, அவருக்காக இன்னொருவர் போடுவது இன்னும் மோசம்.

இதே ஊர்ப் பக்கத்தில் இன்னொரு குடும்பத்தையும் சொல்லிவிடுகிறேன், இது வேறு வகை. அங்கே படகு அண்ணன் பெயரில், அவர் சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்து பிறகு குடியுரிமையே வாங்கிவிட்டார். சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நம் 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கினாலும் அது குடியுரிமை ஆகாது. அவர் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார், வங்கியில் சொன்னார், நிலப் பத்திரத்துக்கு வக்கீலிடம் போனார். படகு ஞாபகத்துக்கே வரவில்லை. வெளிநாட்டுக் கலங்கள் மீன்பிடிப்பதை ஒழுங்குபடுத்த 1981இல் வந்த இந்தியக் கடல் மண்டலச் சட்டம், முழுக்க இந்தியக் குடிமக்களுக்குச் சொந்தமாகவும் முறைப்படி பதிவானதாகவும் இருக்கும் கலத்தைத்தான் தனியார் கலங்களில் இந்தியக் கலம் என்கிறது. நிறுவனத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தனி வரையறை வைத்திருக்கிறது. இந்திய கலம் அல்லாதது எல்லாம் வெளிநாட்டுக் கலம். பாம்பனில் கட்டி, பாம்பன் ஆட்கள் ஓட்டும் ஒரு படகு, சொந்தக்காரர் சிங்கப்பூரில் உறுதிமொழி எடுத்த அன்றே அந்த வரையறைக்கு வெளியே போய்விட்டது. நல்ல வேளையாக எந்த விபரீதமும் நடப்பதற்குள் வீட்டார் விழித்துக்கொண்டார்கள். குடியுரிமை மாறப்போகிறவர்கள் உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே படகைப் பெயர் மாற்றிவிட வேண்டும். 2025இல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணைப் பார்த்து மனு எழுதாமல், பதிவு அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தங்கச்சிமடத்துக்குத் திரும்புவோம்.

இலங்கைப் பக்கத்துச் சட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. முன்பெல்லாம் ஆட்களோடு படகும் ஒரு பேச்சுவார்த்தையில் விடுபட்டு வந்ததுண்டு. 2017இல் இலங்கை, கடலடியோடு வலையை இழுத்துப் பிடிக்கும் இழுவை மடித் தொழிலையே தடை செய்தது. 1979ஆம் ஆண்டின் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டத்தை 2018இல் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு கூட்டியது. அதன் பிறகு நீதிமன்றங்களில் ஒரு நடைமுறை நிலைத்துவிட்டது: ஆட்களின் வழக்கு ஒரு பக்கம், படகின் வழக்கு இன்னொரு பக்கம். பதிவு பெற்ற உரிமையாளர் நேரில் வந்து ஆவணம் காட்டி உரிமை கோர வேண்டும். வராவிட்டால் படகு அரசுடைமை. அப்படிப் போன படகுகளை 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை உள்ளிட்ட இடங்களில் ஏலம் விட்டார்கள்.

எங்கள் ஆட்களிடம் நான் மறைக்காமல் சொல்வது ஒன்று உண்டு. எல்லை தாண்டி இழுவை மடி போடும்போது அறுபடுவது யாழ்ப்பாணத்து மீனவரின் வலை. போர் முடிந்து கடன் வாங்கித் தொழிலுக்குத் திரும்பிய ஆட்கள் அவர்கள், நம் மொழி பேசுகிறவர்கள். அந்த நீதிமன்றத்தின் கடுமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டுதான் அங்கே போய் நிற்க வேண்டும்.

முதல் தவணைக்குத் தம்பி போனார். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம், அங்கிருந்து ஊர்காவற்றுறை. கையில் அசல் ஆர்.சி., உரிமம், தன் ஆதார், அண்ணனுடைய பாஸ்போர்ட்டின் நகல். அங்கே நீதிமன்றம் தமிழில்தான் நடக்கிறது, மொழிச் சிக்கல் இல்லை. படகின் எண்ணை வாசித்து உரிமையாளர் வந்திருக்கிறாரா என்று கேட்டபோது, “நான்தான்யா வந்திருக்கேன். படகை நான்தான் பார்த்துக்கிறேன்” என்றிருக்கிறார். படகைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று கேட்கவில்லை, சான்றில் இருப்பவர் எங்கே என்று திரும்பக் கேள்வி வந்தது. எட்டு வருடம் அந்தப் படகோடு கிடந்த மனுஷனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வழக்கறிஞர் எழுந்து தவணை கேட்டு வாங்கினார்.

அடுத்து பவர், அதாவது தனக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம். குவைத்தில் அண்ணன் ஒரு நாள் அனுமதி வாங்கி இந்தியத் தூதரகத்தில் தம்பி பெயருக்குப் பவர் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும், அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முடித்தோம். ஆனால் வேறொரு பள்ளம் காத்திருந்தது. ஆர்.சி.யில் அண்ணனின் பெயர் நம் வழக்கப்படி ஒற்றைத் தலைப்பெழுத்தோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் போய்விட்டது. ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓரிடத்தில் மாறியிருக்கிறது. பவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதப்பட்டது. அயல்நாட்டு நீதிமன்றத்தில் வைத்துப் பார்த்தால், சான்றில் இருப்பவர் ஒருவர், பவர் கொடுத்தவர் வேறொருவர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம், வட்டாட்சியர் அலுவலகச் சான்று என்று அதற்கே வாரங்கள் போயின.

ஐப்பசியில் இரண்டாம் தவணை. பவரை நீதிமன்றம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது. ஆனால் படகு கடலுக்குப் போனது உரிமையாளருக்குத் தெரியுமா, எல்லை தாண்டக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தாரா என்பதையெல்லாம் அவரிடமே கேட்க வேண்டும் என்றது. பவர் வைத்திருப்பவர் இன்னொருவர் மனதில் இருந்ததைச் சாட்சி சொல்ல முடியாது. இது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. தைக்குள் உரிமையாளர் நேரில் வர வேண்டும், இதுவே கடைசி.

அண்ணன் ஏன் வரவில்லை என்று ஊரில் கோபமாகப் பேசினார்கள். குவைத்தில் வீட்டு வேலை விசாவில் இருப்பவரின் நிலை தெரிந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். அகாமா என்னும் குடியிருப்பு அனுமதி அந்த வீட்டு எஜமானர், அதாவது கஃபீல் பெயரோடு கட்டுண்டது. பாஸ்போர்ட்டும் அவர் பெட்டியில்தான் இருந்தது. அந்த வருட விடுமுறையை அண்ணன் ஏற்கெனவே மகளின் சடங்குக்கு எடுத்து முடித்திருந்தார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அகாமா போய்விடும் என்ற அன்றைய விதி ஒருபுறம். வழக்கு இழுத்துக்கொண்டே போய் அங்கேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் மறுபுறம். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஒரு கட்டத்தில் சொன்னார். மதினி, அதாவது அண்ணன் மனைவி, சம்மதிக்கவில்லை. நகை இன்னும் அடகில் இருக்கிறது, படகும் இல்லை, இதில் சம்பளமும் போனால் வட்டியை யார் கட்டுவது என்று கேட்டார். அந்த வீட்டில் கணக்குத் தெளிவாகப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

கஃபீல் கடைசியில் விடுப்புக் கொடுத்தார், தவணைக்கு மூன்று வாரம் கழித்து. அதற்குள் படகை அரசுடைமையாக்கி உத்தரவு வந்துவிட்டது.

மீதம் இருந்தது நிவாரணம். மீட்க முடியாமல் போன படகுகளுக்கு 2022இல் தமிழக அரசு விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு ஒன்றரை லட்சம் என்று 125 படகுகளுக்குக் கொடுத்தது; பின்னர் தொகை கூட்டப்பட்டது. இதற்கும் விண்ணப்பிக்க வேண்டியவர் சான்றில் இருப்பவர், பணம் போவது அவர் வங்கிக் கணக்குக்கு. அண்ணனுடைய கணக்கு குவைத்துக்குப் போவதற்கு முன் தொடங்கிய சாதாரணச் சேமிப்புக் கணக்கு. என்.ஆர்.ஓ.வாக மாற்றப்படவே இல்லை, பல வருடம் வரவு செலவு இல்லாமல் முடங்கியும் கிடந்தது. விடுப்பில் வந்த அண்ணன் ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டிய நாட்களை வங்கியிலும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கழித்தார். உத்தரவின் சான்றிட்ட நகலை யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவியோடு வாங்கி விண்ணப்பத்தோடு சேர்த்தோம்.

பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, தொழில் இங்கே ஒருவர் பார்க்கிறார் என்றால் சான்றில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும் என்பதுதான் இதற்குப் பிறகு நான் எல்லோரிடமும் சொல்வது. இருவரும் இந்தியக் குடிமக்களாக இருந்தால் கூட்டாகப் பதிவதில் தடை இல்லை. அப்படிச் செய்தால் ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ போய் நிற்கிற தம்பி, ஓர் உரிமையாளராகவே நிற்பார். தன் மனதில் இருந்ததைத் தானே சொல்வார். தம்பி தனக்கே என்று விற்றுவிடுவானோ என்ற கவலைக்கும் இதில் இடமில்லை, இருவர் கையெழுத்தும் இல்லாமல் பெயர் மாறாது. தம்பி பெயரில் மட்டும் பதிந்து அண்ணனுக்குக் கடன் பத்திரம் எழுதுவது இன்னொரு வழி. ஆனால் கடன்காரரும் பங்காளியும் ஒரே ஆளாக இருப்பது சண்டையில் முடிந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பவர் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அதைப் பிடிபட்ட பிறகு எழுதாமல், விடுமுறையில் ஊரில் இருக்கும்போதே பதிவாளர் முன் எழுத வேண்டும். உரிமம் புதுப்பிப்பது, டீசல் வாங்குவது, காப்பீடு, நிவாரணம், உள்நாட்டு அயல்நாட்டு நீதிமன்றங்களில் ஆஜராவது எல்லாவற்றையும் பெயர் சொல்லி அதில் எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் மேலே சொன்ன சாட்சிக் கேள்விக்கு அது பதிலாகாது.

பெயர் ஒத்துப்போவதை இன்றே சரி பார்க்கலாம். ஆர்.சி., பாஸ்போர்ட், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைப்பெழுத்து, எழுத்துக்கூட்டல், முகவரி ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாறியிருந்தால் படகு கரையில் நிற்கும் தடைக்காலத்தில் திருத்திக்கொள்ளுங்கள்.

குவைத்துக்குத் திரும்புவதற்கு முன் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வல்லம் என்னும் சிறு படகு ஒன்றை, பழைய ஃபைபர் படகாகப் பார்த்து வாங்கினார்கள். இழுவை மடி வேண்டாம், கரைப்பக்கம் வலை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது தம்பியின் முடிவு. பதிவு விண்ணப்பத்தில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கின்றன. வருமானம் போய்ச் சேர என்.ஆர்.ஓ. கணக்கின் எண்ணும் தம்பியின் கணக்கு எண்ணும் பங்கு விகிதத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அந்த ஒப்பந்தத்தில் மூன்றாவது கையெழுத்து ஒன்று வேண்டும் என்று அண்ணன் சொன்னார், நகைக் கடன் தீரும் வரை தன் பங்கு மனைவி கைக்குப் போக வேண்டும் என்பதற்காக. மதினி படித்துப் பார்த்து, வட்டித் தேதியையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டார்.